அடுப்படியில் பிறக்கும் யோசனை



மதீனாப் பள்ளியில் மிம்பர் வருவதற்கு முன், நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத்தின் அடித்தண்டு ஒன்றின் பக்கத்தில் நின்றே குத்பா ஓதுவார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் இதைக் கவனித்தார். தம்மிடம் தச்சு வேலை தெரிந்த பணியாள் இருப்பதாகவும், தாங்கள் அமர்வதற்கு ஒன்று செய்து தரலாமா என்றும் கேட்டார். விரும்பினால் செய்யலாம் என்றார்கள் நபியவர்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஜும்ஆ தோறும் கதீப்மார் ஏறி நிற்கும் மிம்பருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் யோசனை இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரு பொருளின் குறை முதலில் தெரிவது அதன் அருகில் இருப்பவருக்குத்தான். அப்படியானால் அடுப்பின் குறை யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான்.

பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் லயன் காம்பராக்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கல் அடுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள். மழைக்காலத்தில் அதுவும் ஈரம். கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. இது தோட்டத்துப் பெண்களின் கஷ்டம் மட்டுமல்ல. 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்து, சிலிண்டர் விலை ஐயாயிரம் ரூபாயை நெருங்கியபோது, நகரத்து வீடுகள் பலவும் விறகுக்குத் திரும்பின.

"புகைதானே" என்று விட்டுவிடாதீர்கள். விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் சேரும் புகை 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பிள்ளைகளுக்கு நியூமோனியா, பெரியவர்களுக்கு நெஞ்சு நோய், கண்ணில் புரை எல்லாம் இதனால் வருகின்றன.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்க நமது நாட்டிலேயே ஒரு நல்ல பொருள் உருவானது. அதுதான் 'அனகி' அடுப்பு. சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது, மிகச் சிறந்தது என்று பொருள். இதற்கு முன் வந்த திருத்திய அடுப்புகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் வீடு வீடாக வந்து களிமண்ணால் கட்ட வேண்டியிருந்தது. கட்டுபவர் கை மாறினால் அளவும் மாறும். அளவு மாறினால் தீ சரியாக எரியாது. எனவே 1980களில் இலங்கை மின்சார சபையும், இன்று பிராக்டிகல் அக்ஷன் எனப்படும் தொண்டு நிறுவனமும் இந்த அடுப்பைக் குயவர்களின் கையில் கொடுத்தன. சரியான அளவுகளை அவர்களுக்குப் பழக்கினார்கள். சட்டி பானை வாங்குவது போல் சந்தையில் வாங்கித் தூக்கி வரலாம் என்றாயிற்று.

அமைப்பு எளிமையானது. ஒரே துண்டாகச் சுட்ட மண் அடுப்பு. முன்னால் விறகு வைக்கும் வாய். முதல் பானையைச் சூடாக்கிய தீயின் மிச்சச் சூடு, உள்வழியாகப் போய் இரண்டாவது பானையைச் சேரும். ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி. சுற்றிலும் களிமண் பூசிவிட்டால் சூடு வெளியே போகாது. விறகும் மிச்சம், நேரமும் மிச்சம்.

இதன் இரகசியம் அளவுதான். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவசத்தின் வளையங்களை அளவோடு கோக்கும்படி பணித்ததை ஸூரா ஸபஃவில் ஓதுகிறோம். ஒரு நபிக்கே கற்றுத்தரப்பட்ட கைத்தொழில் ஒழுங்கு அது. குயவரின் சக்கரத்திலும் அதே ஒழுங்குதான் வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அனகியில் புகைபோக்கி கிடையாது. புகை குறையும், முற்றாக நீங்காது. ஆகவே விறகைக் காயவைத்து எரியுங்கள். குசினியில் ஜன்னலோ, கூரையில் புகை போக வழியோ இருக்கட்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை ஊதாதீர்கள்.

இனி வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முன்மண்டபத்துக்கு மாபிள் பதிக்கப் பணம் இருக்கிறது. குசினிக்கு ஒரு ஜன்னல் வைக்க மட்டும் ஏன் இல்லை? உங்கள் மனைவியும் உம்மாவும் நாளில் எத்தனை மணி நேரம் அங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

சகோதரிகளே, பொறுமை நல்லதுதான். ஆனால் திருத்தக்கூடிய குறையைச் சொல்லாமல் இருப்பது பொறுமையாகாது. அந்த அன்ஸாரிப் பெண் வாய் திறந்து கேட்டார். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் காது கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள்.