ஆண்டுக்கோர் ஊசியும் முகக்கவசமும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

கொரோனாத் தொற்று நம் நாட்டை உலுக்கிய நாட்களில் தடுப்பூசி, முகக்கவசம் என்னும் இரண்டு சொற்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வாயிலும் வழங்கின. 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அந்நோய்க்கான பன்னாட்டு அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அதன்பின் அவ்விரண்டையும் நம்மில் பலர் பரணில் போட்டுவிட்டோம். அவ்வாறு போட்டுவிட முடியாத வீடுகளும் உண்டு. எங்கள் வீடு அவற்றுள் ஒன்று. மழைக்காலத்துக்கு முன் ஊசி போட்டுக்கொண்டும், பேருந்தில் முகக்கவசம் அணிந்தும் வருகின்ற என்னிடம் நண்பர்கள் கேட்கும் வினாக்கள் பல. அவற்றுக்கு விடையாக, நான் படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் இங்கே எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டு நிலை

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டுகளாக மூச்சோடு உள்ளே சென்ற பஞ்சுத்தூசி அவருடைய நுரையீரலைப் பழுதாக்கிவிட்டது. சர்க்கரை நோயும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கியது, மூன்றே நாளில் மூச்சுத்திணறலாக முற்றியது. எட்டு நாட்கள் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கும்படி ஆயிற்று. சோதனையில் ஃப்ளூ காய்ச்சல் என்று தெரிந்தது. “கொரோனாவுக்கு மூன்றாவது ஊசியும் போட்டிருக்கிறாரே, டாக்டர்?” என்று அம்மா கேட்டார். “அது வேறு கிருமிக்கு, அம்மா. இதற்குத் தனி ஊசி. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள்” என்றார் மருத்துவர்.

ஆண்டுதோறும் ஏன்?

“ஏங்கண்ணு, எனக்கு அம்மை குத்துனது ரெண்டே தடவைதான். ஆயுசுக்கும் போதலையா? இதென்ன வருசா வருசம்?” என்று தம் கைத்தழும்பைக் காட்டிப் பாட்டி கேட்டார். அறிவியல் மாணவர்க்கும் ஏற்ற வினா இது!

பெரியம்மைக் கிருமி தன் உருவை எளிதில் மாற்றிக்கொள்ளாதது. ஆகவேதான் ஒரே வகைத் தடுப்பு மருந்தைக்கொண்டு அதனை ஒழிக்க முடிந்தது. 1975ஆம் ஆண்டோடு அந்நோய் இந்தியாவை விட்டு நீங்கியது. 1980இல் உலகை விட்டே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஃப்ளூ வைரசின் இயல்பு வேறு. அதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக அமைந்த ஆர்.என்.ஏ. அது பெருகும்போது நேரும் படிப்பிழைகள் திருத்தப்படுவதில்லை. அதனால் வைரசின் மேற்புறத்தில் உள்ள புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வருகின்றன. சென்ற ஆண்டின் எதிர்ப்பொருள், இந்த ஆண்டின் வைரசை அடையாளம் காணத் தடுமாறுகின்றது. மீசையை எடுத்துவிட்டு வந்த திருடனைப் பழைய படத்தை வைத்துத் தேடும் காவலர் நிலைதான்! அன்றியும், ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருளின் அளவும் சில மாதங்களில் குறைந்துவிடுகின்றது.

இதற்காகவே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடுகின்றனர். வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும், தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் ஊசியில் எவ்வெவ் வகைகளைச் சேர்க்கவேண்டும் என்று பரிந்துரைக்கின்றனர். ‘பி’ இனத்தில் யமகாட்டா என்றொரு பிரிவு 2020 மார்ச்சுக்குப் பின் எங்குமே தென்படவில்லை. எனவே, நால்வகை ஊசி இப்போது மீண்டும் மூவகை ஊசியாகி வருகின்றது.

“ஊசியே காய்ச்சலைக் கொண்டுவரும்” என்பார் சிலர். நாங்கள் போட்டுக்கொண்ட ஊசியில் இருப்பவை செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசின் பகுதிகளே. அவற்றால் நோயை உண்டாக்க முடியாது. எனக்கு ஒருநாள் கை வலித்தது. அப்பாவுக்கு ஓர் இரவு உடம்பு சுட்டது. பாட்டிக்கு ஒன்றுமே இல்லை. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் நாங்கள் செப்டம்பரிலேயே போட்டுக்கொள்கின்றோம். முன்பு இவ்வூசி கடுமையாக ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

பணம் இருவருக்கு, வீட்டில் நால்வர்

எல்லார்க்கும் இலவசமாகப் போடப்படும் தடுப்பூசிகளின் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. நாங்கள் தனியாரிடம் போட்டபோது ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. 2023இல் எங்களிடம் இருந்த பணம் இரண்டு ஊசிக்கே போதும். அப்பாவுக்கு ஒன்று என்பதில் ஐயமில்லை. மற்றொன்று யாருக்கு? பாட்டிக்கே என்றேன் நான். “எனக்கெதுக்கு? நாளும் பஸ்ஸுல போற புள்ளைக்குப் போடு” என்றார் பாட்டி.

பாட்டியின் சொல்லிலும் ஓர் அறிவியல் உண்மை இருந்தது. முதுமையில் உடலின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் ஊசியின் பயனும் குறைகின்றது. சுற்றியிருப்போர் நோயைக் கொண்டுவராதிருப்பதும் முதியவர்க்குக் காப்பாகும். இருந்தும், நோய் கண்டால் தாங்காத உடம்புக்கே முதலிடம் என்றார் மருத்துவர். பாட்டிக்கே போட்டோம். மறு ஆண்டு, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டிய பணத்தில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் போட முடிந்தது. முதல் ஆண்டு ஊசி இல்லாத எனக்கு முகக்கவசமே துணை.

முகக்கவசத்தின் கதை

முகக்கவசம் கொரோனாவோடு பிறந்ததன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அங்கு அனுப்பப்பட்டவர், பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வூ லியன்-தே என்னும் இளம் மருத்துவர். நோய் மூச்சுவழிப் பரவுகின்றது என்று கண்ட அவர், பஞ்சும் வலைத்துணியும் கொண்டு கவசம் செய்து அனைவரையும் அணியச் செய்தார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதனை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அப்பிளேக் 1911 வசந்தத்தில் அடங்கியது.

இன்றைய மூன்றடுக்குக் கவசத்தின் நடு அடுக்கு நுண்ணிய பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆனது. அவ்விழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருப்பதால், சல்லடை போல் தடுப்பதோடு துகள்களை ஈர்த்தும் பிடிக்கின்றது. துவைத்தால் அந்த ஈர்ப்பு குன்றிவிடும். என்-95 என்பது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுப்பது. ஆனால் முகத்தோடு பொருந்தியிருந்தால்தான் அப்பயன். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டால் பொருத்தமும் கூடும், கண்ணாடியில் ஆவி படிவதும் குறையும். இது என் பட்டறிவு!

“இன்னுமா கொரோனா?” என்று நடத்துநர் சிரிப்பார். நானும் சிரித்துக்கொள்வேன். தறியடியில் தூசிக்காக அப்பா துண்டால் வாயைக் கட்டிக்கொள்ளும்போது யாரும் நகைப்பதில்லை. தூசிக்குக் கட்டினால் தொழில், கிருமிக்குக் கட்டினால் கேலி, இஃதென்ன நியாயம்? திறந்தவெளியில் நான் அணிவதில்லை. சன்னல் அடைத்த மழைக்காலப் பேருந்திலும், நெருக்கமான அறையிலும், எனக்கே இருமல் உள்ளபோதும் அணிகின்றேன்.

ஊசி போட்டும் காய்ச்சல் வருமா?

வரும். வகை நன்கு பொருந்திய ஆண்டிலும் ஃப்ளூ ஊசி நோயைக் குறைப்பது நூற்றுக்கு 40 முதல் 60 வரை. அதாவது, ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் காணுமானால், போட்ட நூறு பேரில் நான்கு முதல் ஆறு பேருக்குக் காணும். கவசமும் முழுக் காப்பன்று. அரைகுறைக் காப்பு எதற்கு என்று ஒதுக்குவோர் உண்டு. ஓட்டைக் குடை என்று எறிந்துவிட்டு, கொட்டும் மழையில் நனைவார் உண்டோ? ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கும் என்பதே இரண்டையும் சேர்த்துக் கொள்வதன் பயன்.

2024 கார்த்திகையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாட்கள் வீட்டிலேயே படுத்திருந்து எழுந்தார். மருத்துவமனை வாசலை மிதிக்கவில்லை. அஃது ஊசியின் பயன்தான் என்று ஒருவரைக் கொண்டு நிறுவ முடியாது. பல்லாயிரம் பேரை ஒப்பிட்டுப் பார்த்தே அறிவியல் முடிவு கூறும். ஊசி போட்டவர்களிடையே நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வோர் குறைவு என்பது அவ்வாறு கண்ட முடிவு. எங்களுக்கு அது போதும்.

வேண்டுகோள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் வகுப்பறைகளில் இருமல் ஒலி மிகும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாதே என்று காய்ச்சலோடு வந்து அமர்வோர் பலர். ஆசிரியப் பெருமக்கள் அத்தகையோர்க்கு மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பளிக்க மனங்கொள்ளவேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தினர் மழை மாதங்களில் கவசங்களை வாங்கி வைத்து, இருமலோடு வருவோர்க்குக் கொடுக்கலாம்.

நண்பர்களே! காய்ச்சல் நமக்கு மூன்று நாள் தொல்லை. நமக்கு அடுத்த பெஞ்சில் இருப்பவரின் வீட்டில் என் தந்தையாரைப் போல் ஒருவர் இருக்கலாம். அதை அவர் நம்மிடம் சொல்லாமலும் இருக்கலாம். கவசம் அணிந்து வருபவரைக் கண்டால் காரணம் கேட்காமல் விடுங்கள். சளி பிடித்த நாளில் நீங்களும் ஒன்றை அணிந்து வாருங்கள்.