ஒருவர் பெற்ற தீர்ப்பும் ஒத்த நிலையினரும்

அரசுப் பணியில் இட ஒதுக்கீடு மறுக்கப்பட்ட ஒருவர் வழக்காடி வெற்றி பெறுகிறார். அதே அறிவிப்பின்கீழ் விண்ணப்பித்து, அதே காரணத்தால் தள்ளப்பட்ட வேறு பலர் நீதிமன்றப் படி ஏறவில்லை. அவர் பெற்ற நீதி இவர்களுக்கும் உரியதா? வயது வரம்பை நெருங்கி நிற்கும் இளைஞர்களுக்கு இவ்வினா வெறும் சட்ட நுணுக்கம் அன்று, வாழ்வாதாரப் பிரச்சினையாகும்.

தீர்ப்பில் இரு கூறுகள் உண்டு என்பதை முதலில் நாம் மனங்கொள்ள வேண்டும். ஒன்று, நீதிமன்றம் வகுத்துரைக்கும் சட்டக் கோட்பாடு. மற்றொன்று, மனுதாரருக்கு வழங்கப்படும் நிவாரணம். உச்ச நீதிமன்றத்தின் கோட்பாடு அரசியல் சாசனத்தின் 141ஆம் பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். நிவாரணமோ வழக்காடியவரோடு நின்றுவிடக்கூடும்.

1951ஆம் ஆண்டின் வெங்கடரமணா வழக்கு இதற்குத் தக்க சான்று. சென்னை ராஜ்யத்தில் 83 மாவட்ட முன்சீப் பதவிகள் வகுப்புவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன. அவற்றுள் முஸ்லிம்களுக்கு 5 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டைக் கடந்து எல்லாச் சமூகங்களுக்கும் இடம் பிரித்த அம்முறை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கோட்பாடு அனைவருக்கும் பொதுவாயிற்று. ஆயினும், வகுப்புச் சுழற்சியைப் பாராமல் தகுதி நோக்கிப் பரிசீலிக்குமாறு ஆணையிடப்பட்டது மனுதாரரின் விண்ணப்பத்தை மட்டுமே.

பிற்காலத்தில் நீதிமன்றத்தின் பார்வை விரிந்தது. ரயில்வே தற்காலிகத் தொழிலாளர் தொடர்பான இந்தர்பால் யாதவ் வழக்கில் (1985), நீதிமன்றத்திற்கு வர இயலாதவர்கள், விரைந்து வந்தவர்களைவிடத் தாழ்ந்த நிலைக்கு ஆளாகக் கூடாது என உரைக்கப்பட்டது. சமத்துவத்தைக் கூறும் 14ஆம் பிரிவின் இயல்பான விளைவே இது.

2014ஆம் ஆண்டின் அரவிந்த் குமார் ஸ்ரீவஸ்தவா தீர்ப்பு இதனை மூன்று படிகளாக வகுத்தது. ஒத்த நிலையில் உள்ளோருக்கு ஒத்த பயனை அளிப்பதே பொது விதி. நெடுங்காலம் வாளாவிருந்து, பிறர் வென்றபின் கோரிக்கையுடன் வருவோருக்கு இது பொருந்தாது. எனினும், தீர்ப்பு அனைவரையும் கருதி அளிக்கப்பட்டதாயின், நிர்வாகம் தானே முன்வந்து அப்பயனை எல்லோருக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளது.

காலத்திற்கு இத்துணை முக்கியத்துவம் ஏன்? பணியிடங்கள் எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை. அவை நிரப்பப்பட்டுவிட்டால், தாமதமாக வருபவருக்கு இடமளிக்க, தவறேதும் செய்யாத மற்றொருவரை வெளியேற்ற நேரிடும். இக்காரணத்தை நாம் புறக்கணிக்க இயலாது. எனினும், அறியாமையாலும் வறுமையாலும் வர இயலாதவரையும் வேண்டுமென்றே ஒதுங்கியிருந்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. ஒதுக்கீடு யாருக்காக ஏற்பட்டதோ, அவர்களே வழக்குச் செலவைத் தாங்க மாட்டாதவர்கள் அல்லரோ!

ஆதலின், பாதிக்கப்பட்ட விண்ணப்பதாரர் தீர்ப்பை அறிந்தவுடன் அதனைச் சுட்டி உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும்; பயனில்லையெனில் காலந்தாழ்த்தாது நீதிமன்றத்தை நாட வேண்டும். மனுமேல் மனு அனுப்பிக் காத்திருப்பது காலாவதியான உரிமைக்கு உயிரூட்டாது என்பதை 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியுள்ளது. ஆயினும் முதற்பொறுப்பு அரசினுடையதே. ஒருவருக்கு இழைத்தது தவறென்று தீர்ப்பான பின்னர், அதே தவற்றுக்கு ஆளான ஒவ்வொருவரையும் தனித்தனியே வழக்காடச் செய்வது நீதியை விலைப்பொருளாக்குவதாகும்.