ஆகாயத்தில் ஒரு பொதுவழி

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளுள் ஒன்றில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில் குடியிருக்கும் நான், இரவு எட்டு மணியானதும் கைத்தொலைபேசியை எடுத்து, என் சுவர்களைத் தாண்டி எத்தனை வீட்டு வைஃபைகள் உள்ளே வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறேன். நேற்றைய கணக்கு முப்பத்தேழு. ஒருவர் குலதெய்வத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார். ஒருவர் பேத்தியின் பெயரை. கடவுச்சொல் கேட்டு வரவேண்டாம் என்ற அறிவித்தலையே பெயராக்கி வைத்த மகானுபாவர் ஒருவரும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பும், பெரியவர்களுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் வேளையும், நடுவயதினருக்குத் தொடர்நாடகமும் ஒன்றுகூடும் அந்த முகூர்த்தத்தில், என் மருமகளின் முகம் திரையில் உறைந்து, வாய் திறந்தபடியே நின்றுவிடுவது வழக்கமாயிருந்தது.

இணைப்புத் தந்த கம்பனிக்கு நான் மூன்று தடவை முறைப்பாடு செய்தேன். மூன்றாம் தடவை வந்த இளைஞர், கருவியைச் செருகிப் பரிசோதித்துவிட்டு, "ஐயா, லைனில ஒரு குறையும் இல்லை. உங்கட ரவுட்டர் பழசு. சுத்தியிருக்கிற வீடுகளின்ர ரவுட்டர் எல்லாம் ஒரே சனலில கிடந்து அடிபடுது" என்றார். இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்தறிந்தவை யாவும் அந்தத் தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தின் வியாக்கியானமே.

வைஃபை என்பது வானொலி அலையன்றி வேறொன்றன்று. பழைய ரவுட்டர்கள் அனைத்தும் பேசும் மீடிறன், 2400 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 2483.5 இல் முடியும் ஓர் ஒடுங்கிய பட்டை. அதற்குள் பதின்மூன்று சனல்கள் இருப்பதாகப் பெயர். ஆனால் ஒவ்வொரு சனலும் ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுடையதாயிருக்க, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே விடப்பட்டிருக்கும் தூரமோ 5 மெகாஹேர்ட்ஸ் மாத்திரமே. ஆகவே ஒன்றன்மேலொன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. முப்பத்தேழு குடும்பங்கள் மூன்று அறைகளில் ஒண்டியிருப்பதைப் போன்ற நிலை இது. ரவுட்டர்களின் சுபாவம் நல்லது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ரவுட்டர் பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கிறது. வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் சற்றுப் பொறுத்துப் பின்னர் பேசுகிறது. முப்பத்தேழு மரியாதைக்காரர் கூடிய சபையில் எவருக்கும் பேச நேரம் கிடைக்காது என்பதுதான் தொல்லை. இதற்கிடையே, அதே பட்டைக்குள் 2450 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்த மரியாதையும் தெரியாது. கீழ்வீட்டார் நேற்றைய கொத்துரொட்டியைச் சூடாக்கும் இரண்டு நிமிடங்களை மேல்வீட்டிலிருந்தே நான் அறிந்துகொள்ளலாம்.

கொட்டாஞ்சேனையிலுள்ள என் சிநேகிதர் ஒருவரின் நிலையும் இதுவே. அங்கே வீடுகள் ஒரே மதிலைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாய் நிற்பவை. அவரோடு ஒருநாள் பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்துக்குப் போயிருந்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் கைத்தொலைபேசியின் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைவதைக் காட்டி அவர் சிரித்தார். அலைக்குச் சுவர் தடை. மீடிறன் கூடக்கூடத் தடையும் கூடும். இச்சிறு உண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குப் பிரயோஜனம் உண்டு.

என் தலைமுறையினருக்கு ஒரு ஞாபகம் இருக்கும். வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்றை வைத்துப் பாட்டுக் கேட்பதற்கே வருடந்தோறும் தபால் கந்தோரில் பணங்கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்த காலம் அது. அந்தப் பெட்டி கேட்குமேயன்றிப் பேசாது. இன்றோ ஒவ்வொரு வீட்டிலும் அலைகளை அனுப்பும் நிலையமே ஒன்று கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கென எவரும் அனுமதி கேட்டுப் போனதில்லை. கருவியின் வகையை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அங்கீகரிப்பதுண்டு. வீட்டுக்காரர் தனியே அனுமதிப்பத்திரம் வாங்குவதில்லை.

இந்தத் தலைகீழ் மாற்றம் 1985 இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. சமையல் அடுப்புகளுக்கும் வைத்திய உபகரணங்களுக்கும் விடப்பட்டு, அவற்றின் இரைச்சல் காரணமாக வேறெதற்கும் உதவாதவை என்று கருதப்பட்ட சில பட்டைகளை, வலு குறைந்த கருவியோடு எவரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு விதி செய்தது. அந்த விதிக்குப் பின்னால் நின்று உழைத்தவர் மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியியலாளர். வைஃபையின் முதலாவது தரநிலை வெளிவந்ததோ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 இல். அரைக் காசு கொடுத்தும் எவரும் வாங்கியிராத குப்பைமேட்டிலிருந்துதான் இன்று உலகத்து வீடுகளின் இணையம் முளைத்தது. அந்தப் பட்டையை அன்றே ஏலத்தில் விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. வாங்கியவர் அதைப் பூட்டிவைத்திருப்பார்.

பொதுவில் விடப்பட்டது என்றால் ஒழுங்கில்லாதது என்று பொருளல்ல. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியாகத் தெற்கே வரும்போது, பஸ் வண்டியும் முச்சக்கர வண்டியும் ஒதுங்கி வழிவிடுகின்றன. இரதம் கடந்ததும் வீதி மீண்டும் எல்லோருக்கும் உரியதாகிறது. பிற்காலத்து ரவுட்டர்கள் பேசும் இன்னொரு பட்டையான 5 கிகாஹேர்ட்ஸின் சில பகுதிகளில் அவை நடந்துகொள்வதும் இப்படியே: வானிலை ராடாரின் ஒலி காதில் விழுந்த மாத்திரத்தில் அந்தச் சனலைக் கைவிட்டு வேறிடம் போய்விட வேண்டும் என்பது அவற்றுள் எழுதப்பட்ட விதி. பகிர்ந்த அலைக்கற்றை என்பதன் தாற்பரியம் இதுதான். இரதத்துக்கு முதலிடம்; ஆனால் வீதி இரதத்தின் உடைமையல்ல.

இனி ஏலத்துக்கு வருவோம். அலைக்கற்றையை விலைகூறி விற்கலாம் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1959 இல் எழுதியபோது அதைப் பலர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். நியூசிலாந்து 1990 இல் துணிந்து இறங்கியது. அதிக விலை கேட்டவருக்கே உரிமை, ஆனால் அவர் கொடுக்கவேண்டியது இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகை என்பது அங்கு விதி. அதன் பயனாக ஒரு இலட்சம் டொலர் கேட்ட கம்பனி ஒன்று ஆறே டொலர் செலுத்திற்று. ஒரு சிறு நகரத்துத் தொலைக்காட்சி உரிமைக்கு ஒரு டொலர் கேட்ட மாணவர் ஒருவர், போட்டிக்கு ஆளில்லாமையால், ஒரு சதமும் கொடாமல் அதைப் பெற்றார். பின்வந்தோர் பாடம் கற்றனர். பிரித்தானியா 2000 ஆம் ஆண்டில் ஒரே ஏலத்தில் 22.5 பில்லியன் பவுண் திரட்டியது. அமெரிக்கா 2021 இல் முடித்த ஓர் ஏலத்தில் 280 மெகாஹேர்ட்ஸுக்கு 81 பில்லியன் டொலர் கண்டது. இத்தொகைகளைக் கண்ட எந்த நிதி அமைச்சருக்கும் ஆகாயத்தைப் பார்க்கும் பார்வை மாறாமலிராது.

தமிழருக்கு அலைக்கற்றை என்ற சொல்லையே அறிமுகப்படுத்தியது இந்தியாவின் 2ஜி விவகாரமாகும். வானலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பெப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் ஒளிபரப்பு வழக்கொன்றில் தீர்ப்பளித்திருந்தது. அதே நீதிமன்றம் 2012 பெப்ரவரியில், 2ஜி விவகாரத்தில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை இரத்துச் செய்து, இத்தகைய வளங்களை ஏலமுறையில் வழங்குவதே சிறந்தது என்றது. அன்றுதொட்டு, ஏலம் போகாத அலை யாவும் களவு போன அலை என்ற ஒரு மயக்கம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. பொதுச்சொத்தைக் களவாய்க் கொடுத்தல் ஆகாது என்பது சரி. ஆனால் விற்றே தீரவேண்டும் என்பது அதிலிருந்து எப்படிப் பெறப்படும்? காலி வீதியும் பொதுச்சொத்துத்தான்.

தற்போதைய பிணக்கு 6 கிகாஹேர்ட்ஸ் பட்டையைப் பற்றியது. 5925 முதல் 7125 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது 1200 மெகாஹேர்ட்ஸ் அகலம். நம் பழைய பட்டையின் பதினான்கு மடங்குக்கும் மேல். செய்மதிகளுக்கு மேலே அனுப்பும் அலைகளும், கோபுரத்துக்குக் கோபுரம் செல்லும் நுண்ணலைத் தொடர்புகளும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றைக் குலைக்காத வலுவில், வீட்டுக்குள் இருந்தபடி எவரும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா 2020 ஏப்ரலில் முழுப் பட்டையையும் திறந்துவிட்டது. அதே நாடு 2025 ஜூலை 4 இல் ஒப்பமிடப்பட்ட பெருஞ்சட்டம் ஒன்றில், 1.3 முதல் 10.5 கிகாஹேர்ட்ஸுக்குள் குறைந்தது 800 மெகாஹேர்ட்ஸை ஏலத்தில் விடவேண்டும் என்று கட்டளையிட்டது. இராணுவத்தின் பட்டைகள் சிலவற்றுக்கு அச்சட்டத்தில் காப்பு எழுதப்பட்டது. வைஃபையின் புதிய பட்டைக்கு எழுதப்படவில்லை. அது ஏலத்துக்கு வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. வரமாட்டாது என்று சொல்ல ஆதாரம் ஒன்றும் இல்லாமற்போயிற்று என்பதே அர்த்தம்.

மற்றை நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கின்றன. சீனா 2023 இல் மேற்பாதியான 6425 முதல் 7125 வரையுள்ளதைக் கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கியது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் கீழ்ப்பாதியான 500 மெகாஹேர்ட்ஸை மாத்திரம் அனுமதியின்றி விட முன்வந்தது. 2023 இன் இறுதியில் துபாயில் கூடிய உலக வானொலித் தொடர்பாடல் மாநாடு, ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் அடங்கிய பிராந்தியத்தில் மேற்பாதி முழுவதையும் கைத்தொலைபேசிக்கெனக் குறித்தது. இலங்கை அடங்கிய ஆசிய பசிபிக் பிராந்தியத்திலோ, சில நாடுகள் நீங்கலாக, 7025 முதல் 7125 வரையுள்ள 100 மெகாஹேர்ட்ஸை மாத்திரமே அவ்வாறு குறித்தது.

பாதி கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். புதிய ரவுட்டர்கள் 320 மெகாஹேர்ட்ஸ் அகலச் சனல்களில் பேசவல்லவை. முழுப் பட்டையும் இருந்தால் அப்படிப்பட்ட சனல்கள் மூன்று அமையும். கீழ்ப்பாதி மாத்திரம் என்றால் ஒன்றே ஒன்று. தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஒன்று தாராளம். முப்பத்தேழு வீட்டுக்கு நடுவே இருப்பவருக்கோ அது பழைய கதைதான். ஆகவே பொதுவழி ஒடுங்குவதால் நஷ்டப்படுவோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான இடங்களில் வாழ்பவர்களே. இதைத் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளில் இருந்துகொண்டு கணக்கிடுவோர் அறிவது அரிது.

கைத்தொலைபேசிக் கம்பனிகளின் வாதத்திலும் நியாயம் உண்டு. கோபுரத்திலிருந்து பெருவலுவோடு அனுப்பும்போது இருவர் ஒரே மீடிறனில் இருக்க முடியாது. அங்கே ஒருவருக்கென உரிமை வரையறுத்து விலைபேசுவது முறையே. ஆனால் ஆலய மண்டபத்தில் கண்ட உண்மையை இங்கே நினைக்க வேண்டும். 6 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் துளைப்பதில் வலுவிழந்தது. காலி வீதிக் கோபுரத்தின் அலை என் படுக்கையறைக்குள் வந்துசேர்வதற்குள் தேய்ந்துபோகும். என் படுக்கையறையின் அலையும் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் தேய்ந்துபோகும். தொடர்மாடிவாசிக்கு இந்தப் பட்டையில் சுவர் சத்துரு அல்ல, மித்திரன். வெளியே கோபுரமும் உள்ளே ரவுட்டரும் ஒரே பட்டையைப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று பிரித்தானிய ஒழுங்குபடுத்துநரான ஒஃப்கொம் 2025 பெப்ரவரியில் முன்வைத்த யோசனைக்கு ஆதாரம் இதுவே. என் அபிப்பிராயத்தில், இதுவரை சொல்லப்பட்டவற்றுள் புத்திசாலித்தனமானது அதுதான். சுவருக்கு உள்ளே கம்பனிகளால் பயன்படுத்தவே இயலாத அலையைச் சுவருக்கு உள்ளேயும் சேர்த்து விலைக்கு வாங்குவதும் விற்பதும் வீண் காரியம். ஏலப்பணம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாய் வந்து நிற்கிறது. பொதுவழியில் நடப்பவர் பெறும் லாபத்துக்கு எந்த ஏட்டிலும் வரியில்லை.

இதற்கிடையில் அவரவர் செய்துகொள்ளக்கூடிய சிறு காரியமும் இருக்கிறது. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸிலும் பேசவல்லதாயின், தொலைக்காட்சியையும் கணினியையும் அதற்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்றிய பிறகு மருமகளின் முகம் உறைவதில்லை. எனினும் அந்தப் பட்டைக்கும் முப்பத்தேழு பேரும் ஒருநாள் குடிபெயர்வார்கள்.

அடுத்த உலக மாநாடு 2027 ஒக்டோபரில் ஷாங்காயில் கூடுகிறது. நம் பிராந்தியத்தில் 7025க்குக் கீழே உள்ளதைப் பற்றிய தீர்மானம் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் கையிலேயே இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இவ்விஷயத்தில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வேளையில், கம்பனிகளின் பிரதிநிதிகள் தவறாது எழுதுவார்கள். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில் சலியாத நம்மவர்களும் அந்த ஒருமுறை ஆணைக்குழுவுக்கு எழுதவேண்டும். எழுதும்போது, உங்கள் தொடர்மாடியில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதையும், இரவு எட்டு மணிக்கு உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.