படம் எடுக்கிற பெண்ணுக்கும் துணை வேண்டும்!



கால் பிசகினாலும் சரி, நெஞ்சில் சளி கட்டினாலும் சரி, 'ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க' என்கிறார் டாக்டர். நாமும் எடுத்துக்கொண்டு வருகிறோம். டாக்டர் பெயர் தெரியும், நர்ஸ் பெயர் தெரியும். 'மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா' என்று சொல்லிப் படம் எடுத்தவர் யார், என்ன படித்தவர் என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

என் நாத்தனாருக்கு அந்த வேலைதான். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். வேலை நேரம் போக, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டத்துக்கும் அவர்கள் சங்கத்தின் பொறுப்பாளராகவும் இருக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. பஸ் காசும் கைக்காசுதான்.

"ஞாயித்துக்கிழமையும் ஓடணுமாட்டி? இதுல என்னத்தக் கண்ட?" என்று என் மாமியார் சத்தம் போடுவார். "ஒருத்தியாக் கேட்டா வெளிய போங்கான், நாலு பேராக் கேட்டா உக்காருங்கான். அதாம்மா கண்டது" என்பாள் இவள். அவளுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு பெண். ஓர் ஊரில் தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் வேலை. மூன்று மாத கர்ப்பம். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி, "முடிஞ்சா நில்லு, இல்லேன்னா நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டாராம். அவளுக்கு அதுவரை கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்கூடக் கொடுக்கவில்லை. மார்பில் குத்திக்கொள்ளும் சின்னப் பட்டை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பி, உடம்பில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள்.

என் நாத்தனார் இன்னும் இரண்டு பேரோடு போனாள். சண்டை போடவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். இந்த வேலையில் இருப்பவருக்கு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்தான் எல்லை. கர்ப்பம் தெரிந்தபின், பேறுகாலம் வரை வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது. கர்ப்பத்தைச் சொன்னதற்காக வேலையை விட்டு ஒதுக்கக்கூடாது, வேலையை மாற்றித் தர வேண்டும் என்பது உலகம் முழுவதற்குமான பாதுகாப்பு விதி. அந்தப் பெண்ணைப் பதிவு மேஜைக்கு மாற்றினார்கள், அதே சம்பளத்தில். இப்போது வீட்டில் ஆண் குழந்தை தவழ்கிறது.

எங்கள் கொற்கையில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து மச்சான்தான் பிடிப்பானாம். தங்கச்சி தாலி அதில் இருக்கிறதே, விடுவானா? இந்தப் பொறுப்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் உண்டு. இவர்களுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 2021-ல்தான் வந்தது. பிசியோதெரபி, லேப், எக்ஸ்ரே என்று பலரையும் சேர்த்த சட்டம் அது. படித்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும், படிக்காதவர் மெஷினைத் தொட முடியாது என்பது அதன் நோக்கம். வந்தும் வேகமாக நடக்கவில்லை. தொழில்நுட்பப் பணியாளர்கள் வழக்குப் போட்டு, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு கொடுக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தாலும் பின்னால் நின்று கேட்க ஆள் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

இதில் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். படிக்காதவர் எடுத்தால் படம் தெளிவாக வராது. திரும்ப எடுப்பார்கள். காசும் நம்முடையது, கதிர்வீச்சும் நம் உடம்புக்கு. ஆகவே தோழிகளே:

* நாள் தள்ளிப் போயிருந்தால், கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, எடுப்பவர் என்ன படித்தவர் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

* குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஈயக் கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பிடிக்க வேண்டாம்.

* பழைய படங்களைப் பத்திரமாக வையுங்கள். அவசியமில்லாமல் மறுபடி எடுப்பது மிச்சமாகும்.

* வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும், எம்.ஆர்.ஐ.யும் எக்ஸ்ரே அல்ல. அவற்றில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. வீண் பயம் வேண்டாம்.

1895 நவம்பர் 8-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அந்த நாளைத்தான் இவர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் வீட்டு மகளோ மருமகளோ இந்த வேலையில் இருந்தால், 'பேட்ஜ் போட்டியாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சங்க வேலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். அன்றைக்கு ஒருவேளை சமையலை நாம் பார்த்துக்கொண்டால் போதும்!

— ஒரு வாசகி, கொற்கை.