தகரக் கூரையும் சாய்மனைக் கதிரையும்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் ரயில் வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் நிலையங்களைக் கடக்கும்போது, கொழுந்து மலைகளுக்கு நடுவே மரங்கள் சூழ்ந்த மேடுகளில் சிவப்போ பச்சையோ பூசிய தகரக் கூரைகள் தெரியும். தோட்டத்து மக்கள் துரை பங்களா என்று சொல்லும் வீடுகள் அவை. கருங்கல் அத்திவாரம், கனத்த சுவர், கண்ணாடி அடைத்த இஸ்தோப்பு, கணப்பு உள்ள நடு மண்டபம், மூடிய நடைபாதை ஒன்றால் மட்டும் வீட்டோடு ஒட்டிய குசினி என்பது இவற்றின் பொதுவான அமைப்பு. புகையும் நெருப்பும் வீட்டுக்குள் வராதிருக்கத்தான் குசினியைத் தள்ளிக் கட்டினார்கள். துரைக்கும் சமையல் அப்புவுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தையும் அதே நடைபாதை அளந்து வைத்தது.

மலையகத்தின் முதல் பெருந்தோட்டப் பயிர் கோப்பி. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பிறகு, டிம்புள பகுதியில் வீடு கட்டும் முறையே மாறியது. அதுவரை கையருகே கிடைத்த கல்லும் மரமும்தான் வீடு. கோச்சி வந்த பின் நெளிதகரம், வார்ப்பிரும்பு அடுப்பு, சிங்கப்பாதம் வைத்த குளியல் தொட்டி, வண்ணக் கண்ணாடி எல்லாம் கொழும்புத் துறைமுகத்திலிருந்து மேலேறின. நிலையத்திலிருந்து பங்களா மேடு வரைக்கும் அவற்றைக் கொண்டு சேர்த்தவை மாட்டு வண்டிகளும் தொழிலாளர்களின் தோள்களும்தான்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் பல பங்களாக்கள் ஆளில்லாமல் போயின. தோட்டங்கள் ஒன்றாக்கப்பட்டபோது சின்னத்துரைகளின் வீடுகள் தேவையற்றவையாகின. பெரிய வீட்டைப் பராமரிக்கும் செலவும் கட்டுப்படியாகவில்லை. இவற்றை எடுத்துத் திருத்திப் பழைய பொருள்களால் அலங்கரித்து விருந்தினர் இல்லங்களாக்கும் வழக்கம் 2000க்குப் பின் பரவியது. டில்மா குழுமம் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிலும் 2005இல் தொடங்கிய டீ டிரெயில்ஸ் இதில் பேர்பெற்றது. அதன் பங்களாக்களில் மூத்தது 1888இல் கட்டப்பட்ட டியன்ட்சின்.

பழுதுபார்க்கும் வேலைக்குக் காலம் பார்ப்பது மலையகத்தில் முக்கியம். மேற்கு நாட்டுச் சஞ்சிகைகளில் பழைய பண்ணை வீட்டை இலையுதிர் காலத்தில் அலங்கரிப்பது பற்றிய படங்கள் அழகாக இருக்கும். இங்கே இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. அந்த ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே காலையில் வெயிலும் பின்னேரம் இடிமழையுமாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஊறிய வீட்டின் மேல் அதுவும் சேர்ந்து கொட்டும். சுவருக்குப் பூசவோ மரத்துக்கு மெருகேற்றவோ அது நேரமல்ல. ஆனால் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எந்தச் சுவரில் நீர்க்கறை இறங்குகிறது, எந்தப் பலகை ஊதுகிறது, மழை விட்டு எவ்வளவு நேரம் கழித்துச் சொட்டு நிற்கிறது என்பதை அப்போதே குறித்துக்கொண்டால், ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் வேலையை முடித்துவிடலாம். டிம்புளவின் தரமான தேயிலைக்குப் பேர்போனதும் இதே மூன்று மாதங்கள்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் வந்து சேரும்போது வீடு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது விடுதிக்காரர்களின் கணக்கு.

முதல் வேலை எப்போதும் கூரைதான். நெளிதகரம் முழுத் தகடாக இற்றுப்போவது குறைவு. ஆணி அடித்த துளையைச் சுற்றியும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பிலுமே துரு பிடிக்கும். அந்த ஆணிகளைக் கழற்றி, இரப்பர் வளையம் வைத்த திருகாணி பூட்டினால் பாதி ஒழுக்கு நின்றுவிடும். மீதிப் பாதி, இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலும் இருக்கும். பள்ளத்துப் பீலியில் சருகு அடைத்தால் நீர் பின்வாங்கிப் பலகை முகட்டுக்குள் இறங்கும். மழையே பெய்யாத நாளிலும் முகடு நனைவதுண்டு. இரவுக் குளிரில் தகரத்தின் அடிப்புறம் வியர்த்து, அந்த நீர் கீழே சொட்டுவதுதான் காரணம். முகட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் காற்று ஓடப் பழைய கொத்தர்கள் விட்ட துவாரங்களை, பின்னால் வந்தவர்கள் வௌவாலுக்குப் பயந்து அடைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்து கம்பிவலை அடித்தால் போதும்.

அடுத்தது சுவர். மலையகப் பங்களாக்களுக்கு அதிகக் கேடு செய்த பொருள் எதுவென்றால், நல்ல எண்ணத்தோடு பூசப்பட்ட சீமெந்து. பழைய கருங்கல், செங்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஈரம் ஏறினாலும் அது சாந்தின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். அதன் மேல் சீமெந்தும் பிளாஸ்டிக் கலந்த வர்ணமும் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். அது சுவருக்குள்ளேயே உயர ஏறி, யன்னல் மட்டத்தில் உப்புப் பூக்கும், நிலைச்சட்டம் உளுக்கும், பூச்சு பாளமாகக் கழன்று விழும். மறுபடி சீமெந்து பூசுவார்கள்; சில வருடத்தில் அதுவும் விழும். இதற்கு மருந்து, சீமெந்தை உளியால் பக்குவமாகக் கழற்றி, சுவரை ஒரு வறட்சிக் காலம் முழுக்க உலரவிட்டு, நீற்றுப் புளிக்கவைத்த சுண்ணாம்பை ஏறத்தாழ மூன்று பங்கு மணலோடு கலந்து மெல்லிய படைகளாகப் பூசுவது. ஒவ்வொரு படையும் மெதுவாக இறுக வேண்டும்; வெயில் பட்டால் ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும். நாட்கூலிக் கணக்கில் இது நட்டமாகத் தோன்றும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ்மார் குறைந்துகொண்டே வருவதால், ஆள் கிடைப்பதே பெரிய பாடு.

சுவரோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, அத்திவாரத்தைச் சுற்றியுள்ள கானைத் துப்புரவாக்குவது. பல பங்களாக்களில் பூந்தோட்டத்து மண் வருடாவருடம் உயர்ந்து, மரத் தரைக்குக் கீழே காற்றுப் போகும் துளைகளை மூடியிருக்கும். தரைப்பலகை இற்றுப்போகவும் கறையான் ஏறவும் அதுவே போதும். மண்ணை வெட்டி இறக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், புதுப் பலகையும் அதே கதிக்கு ஆளாகும். பழைய கதவு, யன்னல்களில் அடிப்படையாக இருக்கும் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, கழிவைக் கவனமாக ஒதுக்க வேண்டும். மின்கம்பிகளை முழுதாக மாற்றுவதும் அலங்காரத்துக்கு முன் முடிய வேண்டிய வேலை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தளபாடத்தைப் பற்றிப் பேசலாம். தோட்டப் பங்களாவுக்கே உரிய பொருள் சாய்மனைக் கதிரை. பிரம்பு பின்னிய சாய்வும், காலை நீட்டிப் போட முன்னால் திருப்பி விடக்கூடிய நீண்ட கைப்பிடியும் உள்ளது அது. இதோடு பலா, முதிரை, தேக்கு மரங்களில் செய்த அலுமாரிகள், எழுதுமேசைகள், சாப்பாட்டு மேசைகள். இவற்றில் பல சீமையிலிருந்து வந்தவை அல்ல. சீமை மாதிரிப் படத்தைப் பார்த்து மொரட்டுவைத் தச்சர்கள் செய்தவை அவை, விலையும் தரமும் அதனால் குறையவில்லை. இன்று அம்பலாங்கொடையிலும் கொழும்பு, கண்டியிலும் உள்ள பழம்பொருள் கடைகளில் இவை கிடைக்கும். கடையில் கிடைப்பவை எல்லாம் பழையவை அல்ல என்பதுதான் சிக்கல். ஒல்லாந்தர் காலத்து வட்ட இருக்கையும் ஆறு கால்களும் உள்ள பர்கோமாஸ்டர் கதிரைக்கு நகல் செய்வது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

பழையதையும் பழையதுபோல் செய்ததையும் பிரித்தறிய மேற்பரப்பைப் பார்ப்பதில் பயனில்லை. லாச்சியை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கையால் சீவிய பலகையின் அடிப்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய அலை தட்டுப்படும். இயந்திரத்தில் சீவியது மட்டமாக இருக்கும். மூலையில் பலகைகள் கோத்த புறாவால் மூட்டுகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டால் அது கைவேலை; எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை. லாச்சி ஓடும் தடம் தேய்ந்திருக்க வேண்டும், அதுவும் ஓடும் இடத்தில் மட்டும். பலா மரம் புதிதில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகச் செம்பழுப்பாகும். போலிக்காரர் வெளியே சாயம் பூசுவார். உள்மூலைகளுக்கு அந்தச் சாயம் போய்ச் சேராது. வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்ப்பதும் நல்ல வழி. மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும் என்பதால் உண்மையில் பழைய வட்டம் சரியான வட்டமாக இருக்காது.

வாங்கிய பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது, அதன் வயதைச் சுரண்டி எறிவதற்குச் சமம். தூசைத் துடைத்து, அழுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தேவையான இடத்தில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகை மெல்லத் தடவினால் போதும். பிரம்புப் பின்னலை நனைத்துப் பின்ன வேண்டும். காயும்போது அதுவே இறுகிக்கொள்ளும். பித்தளைக் குமிழ்களுக்குப் புளி நல்லது, ஆனால் வாரா வாரம் விளக்கினால் வேலைப்பாடு மழுங்கிவிடும். கரையோரத்தில் வாங்கிய அலுமாரியை மலைக்குக் கொண்டு வந்ததும் கணப்புக்கு அருகே வைக்கக் கூடாது. ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் மலை ஈரமும் பட்டால் பலகை வளையும், மூட்டு விடும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டால் பூஞ்சணம் குறையும்.

அலங்காரத்தில் மலையகம் சொந்தமாகக் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: தேயிலை ஸ்டோரின் பொருள்களையே வீட்டுக்குள் கொண்டு வருவது. தோட்டப் பெயர் அச்சிட்ட பழைய தேயிலைப் பெட்டிகள், கொழுந்து நிறுத்த தராசு, பெரட்டு மணி, பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த சிரோக்கோ உலர்த்தியின் வார்ப்பிரும்புப் பெயர்த்தகடு ஆகியவை இன்று விடுதி வரவேற்பறைகளில் காணக்கூடியவை. இதன் பெரிய எடுத்துக்காட்டு கந்தப்பளையில் இருக்கிறது. 1930களில் கட்டப்பட்டுப் பின்னாளில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் விடுதியாக்கி 1996இல் திறந்தது. கொழுந்து வாட்டிய மேல்மாடங்கள் அறைகளாயின. வரிசை வரிசையான யன்னல்களும் இரும்புச் சட்டகமும் பழைய எஞ்சினும் அப்படியே விடப்பட்டன. பழைய ரயில் பெட்டியொன்று உணவகமானது. அங்கே பொருள்கள் அலங்காரத்துக்காகக் கொண்டு வரப்பட்டவையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் அவற்றில் பல ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தவை. பங்களாவுக்கும் இதே விதி பொருந்தும். மண்டபம் முழுக்கப் பழம்பொருளை நிறைத்தால் வீடு கடைபோலாகிவிடும். கணப்புக்கு இருபுறமும் இரண்டு சாய்மனை, ஒரு நல்ல அலுமாரி, ஒரு சுவர்க் கடிகாரம் என்று நிறுத்துவது மேல்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களையே தொல்பொருள் என்று வரையறுத்தது. ஆகவே துரைமார் காலத்துத் தளபாடம் பெரும்பாலும் அதற்குள் வராது. கண்டி இராச்சியக் காலத்து விளக்கோ வாளோ வரும். கலாசார மதிப்புள்ள பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துக்கள் சட்டப்படி அனுமதி வேண்டும். பலா மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. பழைய கதவுகளையும் உத்தரங்களையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பங்களாவுக்குக் கீழே, அதே காலத்தில், அதே கல்லிலும் தகரத்திலும் கட்டப்பட்ட தொழிலாளர் லயங்கள் இந்தத் திருத்த வேலைக் கணக்கில் வருவதேயில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில் குடும்பங்கள் இன்றும் வாழ்வதால், அங்கே வேண்டியது பழமையைக் காப்பது அல்ல, நல்ல வீடு. ஆனால் லயத்துப் பொருள்களும் பழம்பொருள்களே. கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களில் 2007இல் திறக்கப்பட்ட பெருந்தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. தொழிற்கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் நகைகளும் ஆவணங்களுமாக அங்கே உள்ளவை, எந்தப் பழம்பொருள் கடையும் விலை போடாமல் விட்டவை. இன்னும் தோட்ட வீடுகளின் பரண்களில் கிடக்கும் கவ்வாத்துக் கத்தியும் செக்ரோல் அட்டையும் பழைய தப்பும் பழைய இரும்புக்கும் விறகுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.