சூளை காணாத கல், ஏரி சூழ்ந்த வளாகம்



பல்கலைக்கழகம் வளர்ந்தால் கட்டடங்கள் பெருகும். மின்சாரச் செலவும் தண்ணீர்த் தேவையும் கூடவே ஏறும். பீகார் மாநிலம் ராஜ்கிரில் உள்ள நாளந்தா பல்கலைக்கழகம் இதற்கு மாற்றுவழி கண்டிருக்கிறது.

2014-இல் தற்காலிக இடத்தில் வகுப்புகளைத் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம், 2024 ஜூன் 19 அன்று திறந்துவைக்கப்பட்டது. பரப்பளவு 455 ஏக்கர். வடிவமைத்தது, கட்டடக்கலை அறிஞர் பி.வி. தோஷி நிறுவிய வாஸ்து சில்பா.

இங்கே சூளைச் செங்கல்லுக்குப் பதிலாக மண் கட்டிகள். மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் இறுக அழுத்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினால் கட்டி தயார். சூளை மூட்ட வேண்டாம், நிலக்கரி மிச்சம்!

தண்ணீருக்கு, தென் பீகார் உழவர்களின் பழைய ஆஹர்-பைன் முறை கைகொடுக்கிறது. பைன் என்பது ஆற்றுநீரைக் கொண்டுவரும் வாய்க்கால். ஆஹர், மூன்று பக்கம் கரை கட்டிய ஏரி. இதையொட்டி, வளாகத்தில் ஏறக்குறைய 100 ஏக்கரில் நீர்நிலைகள் அமைந்துள்ளன. கூடவே சூரிய மின்சாரமும் கழிவுநீர் மறுசுழற்சியும் உண்டு.

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வெளியாரை நம்பாத வளாகம் என்பதே இலக்கு.