உங்கள் ரீஃபண்ட் எந்த ஊரிலிருந்து வருகிறது தெரியுமா?

சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்களா? ஒரு எழுத்தோ ஒரு எண்ணோ தப்பாகப் போய், கட்டிய பணம் கணக்கில் வராமல் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறதா? அதைத் திரும்ப வாங்கும் வழியில்தான் எத்தனை ஆச்சரியங்கள்!

எல்லா ரிட்டர்னும் போய்ச் சேரும் ஊர்

நாகர்கோவிலில் தாக்கல் செய்தாலும் நாக்பூரில் தாக்கல் செய்தாலும், வருமான வரி ரிட்டர்னை அலசிப் பார்ப்பது பெங்களூருதான்! 2009-ல் தொடங்கிய மத்தியச் செயலாக்க மையம் அங்கே எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது. 2013-ல் ரீஃபண்ட் வர சராசரியாக 93 நாள் ஆனது. 2024-ல் அது 17 நாளாகக் குறைந்ததாக அரசு சொல்கிறது. ஆனால் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. ஆதார் ஓடிபி போட்டு 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். ஓடிபி வராதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒற்றைத் தாளில் பேனாவால் கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500-க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். இரண்டும் செய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது!

பான் எண்ணில் ஒளிந்திருக்கும் குடும்பப் பெயர்

பான் கார்டை எடுத்துப் பாருங்கள். நான்காவது எழுத்து ‘பி’ என்றால் தனிநபர், ‘சி’ என்றால் கம்பெனி. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து! குடும்பப் பெயரே வைத்துக்கொள்ளாத நாம் என்ன செய்வோம்? பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். அப்பா பெயரை விரித்து எழுதுவோம். வங்கி பாஸ்புக்கிலோ பழைய இனிஷியலே நிற்கும். கடைசியில் ரீஃபண்டுக்காக வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று இடிக்கும். இரண்டு இடத்திலும் பெயரை ஒன்றாக்குவதே வழி.

100-க்கும் 300-க்கும் எவ்வளவு தூரம்!

வரி கட்டும் செலானில் 100 என்றால் முன்கூட்டிக் கட்டும் வரி, 300 என்றால் ரிட்டர்னுக்கு முன் நாமே கணக்கிட்டுக் கட்டும் வரி. மாற்றிக் குறித்தால் பணம் தொலைந்து போகாது. ஆனால் உங்கள் கணக்கில் ஒழுங்காக உட்காராது. பயம் வேண்டாம், செலான் திருத்த வசதி வருமான வரித் தளத்திலேயே இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு உண்டு: இந்தக் குறியீட்டை மாற்ற 30 நாள், ஆண்டை மாற்ற வெறும் 7 நாள்!

ஒரே சம்பளம், இரண்டு ஆண்டு

2024-25-ல் வாங்கிய சம்பளத்துக்குச் செலானில் 2025-26 என்று குறிக்க வேண்டும். ஏனென்றால் அதுதான் மதிப்பீட்டு ஆண்டு. இந்த ஒரு குழப்பத்தால் ஆண்டு மாறிக் கட்டியவர்கள் ஏராளம். 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் இதற்கு முடிவு கட்டிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஒன்று!

உங்கள் வரி, அடுத்தவர் கணக்கில்!

சம்பளப் பிரிவில் உங்கள் பான் எண்ணை ஒரு எழுத்து தப்பாக அடித்துவிட்டால், பிடித்த வரி (டிடிஎஸ்) முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்காரலாம். இதைக் காட்டிக்கொடுப்பது 26ஏஎஸ் என்ற அறிக்கை. திருத்துவது உங்கள் கையில் இல்லை. வரி பிடித்தவர்தான் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சரி, பிடித்த வரியை நிறுவனம் அரசுக்குக் கட்டாமலே விட்டால்? அந்தத் தொகையை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்கிறது 1961-ம் ஆண்டு சட்டத்தின் 205-வது பிரிவு! சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பெங்களூரு ‘பெருநகரம்’ இல்லையா?

பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு உண்டு. 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகளின்படி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீத வரம்பு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கு மட்டுமே இருந்தது. ஐடி தலைநகரான பெங்களூருவுக்கு அப்போது 40 தான்! அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்றால் வரம்பில் மட்டும் ஆண்டுக்கு 72,000 ரூபாய் வித்தியாசம். இன்னொரு வேடிக்கை, இதில் பார்ப்பது ஆபீஸ் இருக்கும் ஊரை அல்ல, நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஊரை. பெங்களூரு கம்பெனிக்குச் சென்னையிலிருந்து வேலை செய்தவருக்கு 40 என்று போட்டிருந்தால், ரிட்டர்னில் சரிசெய்து ரீஃபண்ட் கேட்கலாம்.

ஒரு கடிதம் வழக்கான கதை

பழைய பாக்கி என்று சொல்லி, முன்னறிவிப்பு இல்லாமலே ரீஃபண்டில் கழித்துக்கொள்கிறார்களே என்று 2012-ல் ஒரு ஆடிட்டர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது! வரி செலுத்துவோரின் பதிலைக் கேட்ட பிறகே கழிக்க வேண்டும் என்று 2013 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அப்படி நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

இரண்டு பத்தியில் உண்மை

ரிட்டர்னை அலசி முடித்ததும் பெங்களூருவிலிருந்து மின்னஞ்சலில் வரும் 143(1) அறிவிப்பைத் திறக்க, பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்துப் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். உள்ளே இரண்டு பத்திகள் அருகருகே நிற்கும். ஒன்று நீங்கள் சொன்ன கணக்கு, மற்றது துறை போட்ட கணக்கு. எந்த வரிசையில் எண் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு! பிழை வெளிப்படையாகத் தெரிந்தால் திருத்த மனு போடலாம்.

அரசும் வட்டி தரும்!

ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீத வட்டி உண்டு. நாம் பாக்கி வைத்தால் மாதம் ஒரு சதவீதம். அவர்கள் வைத்தால் அதில் பாதி! ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வட்டியும் கிடையாது. கிடைத்த வட்டிக்கும் வரி உண்டு என்பது கூடுதல் செய்தி!

லண்டனிலும் இதே கதை

பிரிட்டனில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரிக் குறியீடு உண்டு. 1257எல் என்றால் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. வேலை மாறும்போது குறியீடு தப்பாக விழுந்தால் மாதாமாதம் வரி கூடுதலாகப் போகும். அங்கே திரும்பக் கேட்க நான்கு ஆண்டு அவகாசம்.

நம் ஊரிலோ, ரிட்டர்ன் போடும் கெடுவையே தவறவிட்டவர்களும் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் 1-ம் தேதி சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டு வரை அதற்கு வழி உண்டு. அதற்கு முந்தைய உத்தரவில் இது 6 ஆண்டாக இருந்தது. அவகாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே இன்று இரவே 26ஏஎஸ் அறிக்கையை இறக்கி, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் நாளைக் காலையிலேயே சம்பளப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கேட்காமல் விட்டால் உங்கள் பணம் தானாகத் தேடி வராது!